செய்தி மேசையில் 'பிக் அப்'

ஆங்கில ஏஜென்சி செய்திகளைத் தமிழில் எழுதித் தரும் துணை ஆசிரியர் வேலையில் பல வருடம் இருந்தேன். அதில் ஆளைக் கவிழ்ப்பது பெரிய சொற்கள் அல்ல. 'ஜூரிஸ்டிக்‌ஷன்', 'மோரட்டோரியம்' என்று வந்தால் யாராக இருந்தாலும் அகராதியைத் திறந்துவிடுவார்கள். 'பிக் அப்' என்று வந்தால் ஒருவரும் திறப்பதில்லை. தெரிந்த சொல்தானே! கால் டாக்சிக்காரர் "பிக்கப் எங்க சார்?" என்கிறார். மெக்கானிக் "வண்டியில பிக்கப்பே இல்லையே" என்கிறார். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் வண்டிக்கே பிக்கப் என்றுதான் பெயர். கடைக்காரரைக் கேட்டால், "இப்பத்தான் வியாபாரம் கொஞ்சம் பிக்கப் ஆகுது" என்பார். நாமே இப்படி நாலு அர்த்தத்தில் புழங்கும் சொல்லை யார் போய் அகராதியில் தேடப்போகிறார்கள்?

இரவு ஷிப்டில் உட்கார்ந்தால்தான் அதன் மற்ற முகங்கள் தெரியும். கடலில் காற்று பிக் அப் ஆகியிருக்கும். மூன்று பேரைப் போலீஸ் பிக் அப் செய்திருக்கும். பணவீக்கம் பிக் அப் ஆகியிருக்கும். ஒரு பரஸ்பர நிதி ஏதோ ஒரு கம்பெனியில் 2 சதவீதத்தை பிக் அப் செய்திருக்கும். சுழற்பந்து வீச்சாளர் ஐந்து விக்கெட்டை, நோயாளி ஒரு தொற்றை, தொலைநோக்கி ஒரு சமிக்ஞையை. எல்லாம் ஒரே வினைச்சொல். அகராதி என்ன சொல்கிறது? லிஃப்ட், கலெக்ட், லேர்ன், இம்ப்ரூவ், டிடெக்ட், ரெஸ்யூம், அக்வயர், அரெஸ்ட் என்று இணைச்சொற்களை வரிசையாகக் கொட்டுகிறது. அதில் எதை எடுப்பது என்பதை அகராதி சொல்லாது. வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் நிலைமை மாறியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அது வேகமாகத் தரும் வரைவில் 'போலீசார் மூன்று பேரை எடுத்தனர்' என்று நான் படித்ததுண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைகளோ, "அண்ணே, எடுத்தனர்னுதான் இருக்கு, சரியா?" என்று கேட்டுவிட்டு, சொற்றொடரைக் கொஞ்சம் அழகுபடுத்தி அப்படியே அனுப்பப் பார்ப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதை எடுத்தார், அல்லது எது எழுந்தது?

செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், அதாவது காற்றோ விற்பனையோ வேகமோ தானாக பிக் அப் ஆகிறது என்றால், பெரும்பாலும் 'கூடியது' என்ற பக்கம் போய்விடலாம். இதற்கு ஒரு விலக்கு தொலைபேசி. 'ஹி டிட்ன்ட் பிக் அப்' என்றால் அவர் போனை எடுக்கவில்லை. நம் ஊர் ஆங்கிலத்தில் இதை 'ஹி இஸ் நாட் லிஃப்டிங் த போன்' என்கிறோம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவது. இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போது பிக் அப் அல்லது ஆன்சர் என்று சொல்லிவிடுவது நல்லது.

வணிகப் பக்கத்தில்தான் இணைச்சொல் பட்டியலை நம்புகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். 'பிக் அப்' என்றால் இம்ப்ரூவ், ரெகவர் என்று போட்டிருக்கும். தேவை பிக் அப் ஆனால் 'மேம்பட்டது', 'மீண்டது' என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் 'இன்ஃப்ளேஷன் பிக்டு அப்' என்று வரும்போது? பணவீக்கம் மேம்பட்டது என்று எழுதினால் வாசகர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். பிக் அப் நல்லது கெட்டது பார்ப்பதில்லை, ஏறுவதை மட்டும்தான் சொல்கிறது. இம்ப்ரூவ் நல்லதை மட்டும் சொல்லும். ரெகவர் என்றால் அதற்கு முன் ஒரு வீழ்ச்சி இருந்திருக்க வேண்டும். அதனால் இங்கே 'ஏறத் தொடங்கியது' போதும். அதே பக்கத்தில் கீழே, நிதி நிறுவனம் பங்குகளை பிக் அப் செய்தது என்றால் 'வாங்கியது'. பங்கு விலை பிக் அப் ஆவதும் பங்கை ஒருவர் பிக் அப் செய்வதும் அடுத்தடுத்த பத்தியில் வந்திருக்கின்றன. வேகத்தில் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியும்.

போலீஸ் செய்திக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

'பிக்டு அப்' சட்டத்தில் உள்ள சொல் அல்ல. சட்டத்துக்குத் தெரிந்தது அரெஸ்ட், கைது. கைதுக்கு நேரம் உண்டு, விளைவு உண்டு. அரசியலமைப்பின் 22-வது பிரிவின்படி, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பு, கைது செய்யும் நேரத்திலேயே ஒரு குறிப்பாணை எழுத வேண்டும், அதில் நாளும் நேரமும் இருக்க வேண்டும், ஒரு சாட்சியாவது கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் என்று விதித்தது. ஆக, அந்த 24 மணி நேரக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

ஆங்கில நிருபர் 'செவ்வாய் காலை பிக்டு அப், புதன் இரவு அரெஸ்டட்' என்று எழுதுகிறார் என்றால் அவர் தெரிந்துதான் இரண்டு சொல் போட்டிருக்கிறார். நடுவில் இருக்கும் ஒன்றரை நாள்தான் செய்தி. குடும்பத்தார் சொல்வது ஒன்று, காவல் நிலையப் பதிவேடு சொல்வது வேறு. நாம் இரண்டுக்கும் 'கைது' என்று எழுதினால் செய்தியைக் கொன்றுவிட்டோம் என்று அர்த்தம். அதோடு, இன்னும் கைதாகாத ஒருவரைக் கைதானவர் என்று பெயரோடு போடுவது பத்திரிகையை நோட்டீஸ் வாங்க வைக்கும்.

சரி, பின் எப்படி எழுதுவது? 'விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்' என்பது வழக்கமான பதில். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கல்யாணத்துக்கு அழைத்துப் போனதுபோல ஒரு மென்மை அதில் இருக்கிறது. போலீஸ் செய்திக்குறிப்பு அப்படித்தான் சொல்லும், அது அவர்கள் சொல்ல விரும்பும் விதம். தெருவில் 'தூக்கிட்டுப் போயிட்டாங்க' என்பார்கள். உயிருள்ள சொல். ஆனால் பத்திரிகை அதைத் தன் சொல்லாகப் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உறவினர் கூற்றாக மேற்கோளில் போடலாம். நான் எழுதுவது 'பிடித்துச் சென்றனர்'. கைது என்றும் ஆகவில்லை, விருந்தும் இல்லை. தலைமறைவாக இருந்தவரைத் தேடி அமுக்கினால் அது வேறு. ஆங்கிலத்தில் அப்ரிஹெண்ட், தமிழில் 'மடக்கிப் பிடித்தனர்'. தடுத்து வைத்தால் டிடெய்ன். இவையெல்லாம் இணைச்சொற்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் அச்சாகியிருப்பவைதான். நீதிமன்றத்தில் ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

இந்த 'பிடி'யைக் கவனித்த பிறகுதான் எனக்கு பிக் அப் மீது இருந்த பயம் போனது. ஆங்கிலத்துக்கு பிக் அப் எப்படியோ, தமிழுக்குப் பிடி அப்படி. வண்டி வேகம் பிடித்தது. தேர்தல் பிரசாரம் சூடு பிடித்தது. சளி பிடித்தது. போலீஸ் பிடித்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் ரேடியோவைத் திருகிக்கொண்டே "சிலோன் ஸ்டேஷன் பிடிக்குதா?" என்று கேட்பார்கள், ஆங்கிலத்தில் அதுவும் பிக் அப்தான். ஒரு விஷயத்தைச் சட்டென்று புரிந்துகொள்ளும் பிள்ளையை "சொன்னதும் கப்புனு பிடிச்சுக்கிறான்" என்கிறோம். அதுவும் பிக் அப்தான். எல்லா இடத்திலும் பொருந்தாது, சில இடங்களில் அசட்டுத்தனமாக ஆகிவிடும். ஆனாலும் ஒரு வாக்கியத்தில் திணறும்போது முதலில் 'பிடி'யைப் போட்டுப் பார்ப்பேன். ஆச்சரியப்படும் அளவுக்கு உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நோய் விஷயத்தில் ஆங்கிலமும் தமிழும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஆங்கிலத்தில் மனிதன் சளியை பிக் அப் செய்கிறான். தமிழில் சளி மனிதனைப் பிடிக்கிறது. 'அவர் மருத்துவமனையில் ஒரு தொற்றைப் பெற்றார்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏதோ விருது வாங்கியதுபோல. எழுவாயைத் திருப்பிப் போட்டு 'மருத்துவமனையில் அவருக்குத் தொற்று ஏற்பட்டது' என்று எழுதினால் பிரச்சினை இல்லை. கெட்ட பழக்கமும் இப்படித்தான், தமிழில் அது நம்மைத் தொற்றிக்கொள்ளும். மொழியை பிக் அப் செய்தால் மட்டும் மனிதனே எழுவாயாக இருக்கலாம், ஆனால் 'கற்றார்' என்று நிறுத்தக் கூடாது. லேர்ன் என்றால் வாத்தியார் வைத்துப் படித்ததாகவும் இருக்கலாம். பிக் அப் என்றால் பேச்சுவாக்கில், காதால் கேட்டே, தெருவிலோ வேலையிடத்திலோ கற்றுக்கொண்டது.

இந்தத் திட்டமிடாத தன்மைதான் பிக் அப்பின் பல அர்த்தங்களுக்கு நடுவே ஓடும் நூல் என்று எனக்குத் தோன்றுகிறது. 1964-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற இடத்தில் இருந்த பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் ஓர் இரைச்சலை பிக் அப் செய்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூட வழித்துச் சுத்தம் செய்து பார்த்தார்கள், போகவில்லை. அது பெருவெடிப்பின் எச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு என்று பிறகு புரிந்தது. 1978-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இதை எழுதும்போது முதல் வரியிலேயே 'கதிர்வீச்சைக் கண்டுபிடித்தனர்' என்று போட்டால் கதை கெட்டுவிடும். அவர்கள் அதைத் தேடவே இல்லை. 'ஆன்டெனாவில் ஓர் இரைச்சல் சிக்கியது' என்று தொடங்கி, 'கண்டுபிடித்தனர்' என்பதை இரண்டு பத்தி தள்ளி வைக்க வேண்டும். டிடெக்ட் என்று ஆங்கிலத்தில் வந்தால் அது வேறு, அங்கே தேடல் இருக்கலாம்.

கிரிக்கெட்டுக்கு இந்த நூல் பொருந்தாது. 1999 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக கும்ப்ளே 74 ரன் கொடுத்து ஒரே இன்னிங்சின் 10 விக்கெட்டையும் பிக் அப் செய்தது தற்செயலா? விளையாட்டுப் பக்கத்துக்குச் சாய்த்தார், வீழ்த்தினார், அள்ளினார் என்று நம்மிடம் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன, கவலை இல்லை. கவலை வேறு இடத்தில். 'அப்' இல்லாமல் வெறும் 'பிக்' வந்தால், கிரிக்கெட்டில் அது முற்றிலும் வேறு. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா பந்தை பேட்ஸ்மேனால் பிக் செய்ய முடியவில்லை என்றால், பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வீச்சாளரின் கையைப் பார்த்துக் கணிக்க முடியவில்லை என்று பொருள். 'எடுக்க முடியவில்லை' என்று ஒருமுறை ஒரு வரைவு வந்தது. ஃபீல்டர் பந்தை எடுக்கத் தடுமாறியதாக வாசகர் நினைத்திருப்பார். அப், ஆன், அட், அவுட் இவற்றில் எது ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் பிக்கை மொழிபெயர்க்கவே கூடாது. 'பிக் ஆன்' என்றால் ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. சாப்பாட்டில் 'பிக் அட்' என்றால் கொறிப்பது.

வெளியிலிருந்து ஆங்கிலம் கற்கிறவர்கள் இதில் திணறுவது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் அயலாருக்கு மிகப் பெரிய சிரமம் தருகிறது என்று எழுதியிருக்கிறார். இப்படிச் சேர்ந்த வினைக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் ரொம்பப் பின்னால் வந்தது. 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் அதை அச்சில் பயன்படுத்தினார். அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் குறிப்பிட்டார்.

இணைச்சொற்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம், ஆங்கிலத்துக்குள் இரண்டு பெட்டிகள் இருப்பதுதான். பிக், அப் போன்ற வீட்டுச் சொற்கள் ஒரு பெட்டி. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் பிரெஞ்சு வழியாகவும், அப்புறம் நேராக லத்தீனிலிருந்தும் வந்து குவிந்த அக்வயர், கலெக்ட், டிடெக்ட், ரெஸ்யூம், கான்ட்ராக்ட் எல்லாம் இன்னொரு பெட்டி. அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உடுப்பு வேறு. 'ஐ பிக்டு அப் எ கோல்டு' என்று நண்பரிடம் சொல்லலாம். 'ஐ கான்ட்ராக்டட் எ கோல்டு' என்றால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு பேசுவதுபோல இருக்கும். 'அக்வயர்டு எ கோல்டு' என்று யாரும் சொல்லவே மாட்டார்கள், சளியை யார் சொத்தாகச் சேர்ப்பார்கள்? பள்ளியிலிருந்து மகளை கலெக்ட் செய்வதாக பிரிட்டனில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அமெரிக்கர் காதுக்கு அது பார்சல் வாங்கப் போவதுபோலக் கேட்கும். அவர்கள் பிக் அப் என்பார்கள். தமிழில் அழைத்து வருவது. சின்னக் குழந்தையைத் தூக்கினால் அதுவும் பிக் அப், அங்கே 'தூக்கு' தவிர வேறு எதுவும் சரிவராது.

ஆங்கிலத்தில் எழுதும்போது எது வேண்டும் என்று தெரியாவிட்டால், மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் இரண்டாம் பெட்டி. உடன் வேலை செய்பவருக்கு முதல் பெட்டி. நம்மவர்களுக்குப் பழக்கம் நேர்மாறு. பள்ளியில் கனமான சொல் எழுதினால் மார்க் கிடைத்த ஞாபகம் போகாமல், பக்கத்து மேசைக்காரருக்கும் 'கைன்ட்லி ரெஸ்யூம்' என்று எழுதுவோம்.

கோயம்புத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் போனில் கேட்டான். "மாமா, கிளையன்ட் கால் முடிக்கும்போது 'லெட்ஸ் பிக் திஸ் அப் ஆன் மண்டே'ன்னு சொன்னாங்க. வேலையை மண்டேதான் ஆரம்பிக்கணுமா?" இல்லை. பேச்சை விட்ட இடத்திலிருந்து திங்கட்கிழமை தொடரலாம் என்கிறார்கள். வேலை அதன் பாட்டுக்கு நடக்கலாம். அவன் டீமில் யாரோ ஒரு டிக்கெட்டை, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையின் பதிவைக் காட்டி 'கேன் யூ பிக் திஸ் அப்?' என்று கேட்டிருக்கிறார்கள். அது தொடர்வது அல்ல, 'இதை நீ பார்த்துக்கிறியா?' என்பது. ரெஸ்யூம், டேக் ஆன் என்று இரண்டு இணைச்சொல்லையும் அவனிடம் சொன்னேன். ஆனால் அவனுக்குப் புரிந்தது, திங்கட்கிழமை என்று நாள் வந்தால் தொடர்வது, டிக்கெட் என்று வேலை வந்தால் பொறுப்பேற்பது என்று சொன்ன பிறகுதான். செலவோ பில்லோ பின்னால் வந்தால் அதை ஏற்றுக்கொள்வது. 'அரசு செலவை பிக் அப் செய்யும்' என்றால் அரசே கட்டும்.

அதனால்தான் நோட்டில் எழுதிவைக்கிறவர்களிடம் 'பிக் அப் = கலெக்ட்' என்று எழுதாதீர்கள் என்பேன். பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்லோடு எழுதுங்கள்: பிக் அப் ஸ்பீட், பிக் அப் எ ஹேபிட், பிக் அப் த பில். அப்படி எழுதியதைத்தான் அவசரத்தில் நினைவு எடுத்துக் கொடுக்கும்.

இலக்கணத்தில் ஒரே ஒரு இடம் இடறும். மகனை அழைத்துவர, 'பிக் அப் மை சன்' என்றாலும் 'பிக் மை சன் அப்' என்றாலும் சரி. ஆனால் ஹிம், இட், மீ, யூ வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். 'ஐ வில் பிக் யூ அப்' சரி, 'பிக் அப் யூ' தப்பு. 'பிக் அப் ஆன்' என்று மூன்றாவது சொல் ஒட்டிக்கொண்டால், அதாவது ஒரு குறிப்பையோ மனநிலையையோ கவனித்துவிடுவது என்ற பொருளில் வந்தால், பிரிக்கவே முடியாது; இட் கடைசியில் போகும். வினையாக எழுதும்போது இரண்டு சொல், பெயராக எழுதும்போது ஒட்டியோ சிறு கோடு போட்டோ. நாம் தமிழில் எப்போதும் பெயரைத்தான் எடுத்துக்கொண்டு 'பண்ணு' சேர்க்கிறோம் என்பதால் 'பிக்கப்' என்று ஒரே சொல்லாக எழுதுவது பொருத்தம்தான்.

'பிக் அப் ஆஃப்டர்' என்று இன்னொன்று உண்டு. ஒருவர் சிதறிப் போட்டதை இன்னொருவர் பின்னாலேயே போய் எடுத்து ஒழுங்குபடுத்துவது. மகளைப் பார்க்க அமெரிக்கா போன நண்பர் ஒருவர், பூங்காவில் 'ப்ளீஸ் பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்' என்று பலகை பார்த்துவிட்டு, நாய்க்கு அடுத்துத்தான் நம்மை ஏற்றிக்கொள்வார்கள் போலிருக்கிறது, இங்கே ஏதோ வண்டி வரும் என்று கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். நாயின் கழிவை அள்ளிக்கொண்டு போங்கள் என்பதுதான் விஷயம்.